முப்பத்தொன்றில் இருபத்தொன்பது

பெண். உடல் நீளம் இரண்டு மில்லிமீட்டர்,
மயிரிழை கூடுதல்.
தலை கருப்பு. உணர்கொம்பில் பதினெட்டுக் கணு.
இடக்கொம்பின் கடைசிக் கணு முறிந்தது.
முறித்தது நான்தான். ஜூலையில்,
ஒரு தும்மல்.

களக்காட்டுக்குத் தெற்கே கால்வாய்க் கரையில்
மைதீன் பிச்சையின் ஏத்தன் தோட்டம்.
சுருண்டு தொங்கிய இலையைப் பிரித்தேன்.
வெள்ளை மாவு பூசிக்கொண்டு
உள்ளே ஒரு புழு.
உயிர் இருந்தது, இரை எடுக்கவில்லை.
பிளாஸ்டிக் டம்ளரில் இட்டு
வேட்டிக் கிழிசலால் வாய் கட்டி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
நாங்குநேரி தாண்டும்போது
பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டாள்,
"நெய்யா?"

பாளையங்கோட்டையில் ஐந்தாம் நாள் விடியலில்
புழுவின் விலாவைத் துளைத்து
முப்பத்தொரு பேர் வெளியே வந்தார்கள்.
அவரவர் கூட்டை அவரவரே நூற்று
அடைத்துக்கொண்டார்கள்.
புழு அப்போதும் சாகவில்லை.
தலையை மட்டும் தூக்கி
அந்த வெள்ளைக் கூடுகளுக்குக் காவல் இருந்ததுபோல்
இரண்டு நாள் ஆடியது.
"காவல்போல்" என்பதை எழுதக் கூடாது.
எழுதவில்லை.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
சொன்னவர் கூட்டின் வாசலை மட்டும்
பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
போனது புழு, வந்தது குளவி.
நடுவில் நடந்ததைக் கத்தியால் திறந்து பார்த்தவள் நான்,
சிரிக்க உரிமை உண்டு.
ஆனாலும் அந்தப் புழுவில்
குளவியாகாமல் மிஞ்சியது என்ன என்று கேட்டால்
தோல், தலையோடு, கொஞ்சம் மாவு
என்றுதான் கணக்குக் காட்ட முடியும்.

பிறகு நான்கு மாதம் நுண்ணோக்கியின் கீழே.
பின்தட்டில் வலைமேடு:
பங்குனியில் வற்றிய குளத்தின் அடிமண்போல
என்று எழுதி அடித்தேன்.
பின்தொடை: கம்பிப்பதத்துக்கு முந்தைய கருப்பட்டிப் பாகு.
அடித்தேன்.
செம்மஞ்சள் கலந்த பழுப்பு என்று போட்டேன்.
ப்ராக் நகரத்து மதிப்பீட்டாளர் திருப்பிக் கேட்டார்,
எவ்வளவு செம்மஞ்சள்?
பாகு என்றால் எங்கள் பக்கத்தில்
எவரும் கேட்டிருக்க மாட்டார்.

பெயர் வைக்கும் நாளில்
தோட்டத்துக்குப் போனேன்.
உங்கள் பெயரை வைக்கலாமா அண்ணாச்சி?
மைதீன் பிச்சை மண்வெட்டியைச் சாய்த்தார்.
"உள்ள இருந்துக்கிட்டே தின்னுத சாதிக்கு
எம் பேராம்மா?
எங்க சம்பந்தி பேரை வைங்க, கச்சிதமா இருக்கும்."
சிரித்து முடித்துவிட்டு,
"மருந்து அடிக்கணுமா வேண்டாமா,
மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றார்.
வடக்கோரம் நாலு வரிசை விட்டுவிடுங்கள் என்றேன்.
"எத்தனை நாளைக்கு?"
தெரியாது.
பதினெட்டுக் கணுவும் எண்ணியவளுக்கு
அது தெரியாது.

ஊரின் சுருக்கப் பேரான களந்தையை எடுத்து
லத்தீன் வால் ஒன்று ஒட்டினேன்.
இறக்கை நன்றாக விரிந்திருந்த ஒருத்தி,
அந்த முறிகொம்புக்காரி,
முக்கோண அட்டையின் முனையில் பசையில் நின்றாள்.
அவளுக்குச் சிவப்புச் சீட்டு.
மற்ற இருபத்தெட்டுக்கும் மஞ்சள்.
அச்சாகி வந்தது.
பரவல்: மூலமாதிரி கிடைத்த இடத்தில் மட்டும்.

மட்டும் என்ற சொல்
இரவில் என்னைக் கடிக்கிறது.
வேட்டிக் கிழிசலில் ஒரு நூல் விலகியிருந்தது.
கூடுகள் முப்பத்தொன்று,
குளவிகள் இருபத்தொன்பது.
போன இரண்டும் பெண்ணா, ஒன்று ஆணா,
ஜன்னல் திறந்திருந்ததா,
குறிப்பேட்டில் இல்லை.

விடுதிக் குழாயடியில்
யாரும் வைக்காமல் முளைத்த வாழை ஒன்று நிற்கிறது.
பல் துலக்கப் போகும்போதெல்லாம்
சுருண்ட இலை இருந்தால்
பிரித்துப் பார்க்கிறேன்.